ஆடித் தள்ளுபடி சோபாவும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும்

நேற்று என் பெரிய மகன் ஆன்லைனில் வாங்கிய ஷூ பார்சலில் வந்தது. டப்பாவைத் திறந்ததும் பசையும் தோலும் புது அட்டையும் கலந்த அந்த வாசனை கூடம் முழுக்கப் பரவியது. பதினெட்டு வருஷமாக நாள் முழுக்க மோந்துகொண்டிருக்கிற வாசனைதான். ஆனால் வீட்டுக்குள் வந்தால் அது விருந்தாளி மாதிரி ஆகிவிடுகிறது. "அறுபது பர்சென்ட் ஆஃபர்மா" என்று அவன் டப்பாவின் பக்கவாட்டைக் காட்டினான். மேலே பெரிய விலை, அதன்மேல் குறுக்கே ஒரு கோடு, கீழே சின்ன விலை. நான் சிரித்த சிரிப்பில் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டு பேருமாகச் சிரித்து அவனை அழவே வைத்திருப்போம்.

அந்த மாதிரி ஸ்டிக்கர்களை லட்சக்கணக்கில் ஒட்டியவர்கள் ஆயிற்றே நாம். ஆம்பூர் ஷூ கம்பெனியின் பேக்கிங் மேசையில் நான் காகிதம் சுற்றி, ஈரம் இழுக்கிற சிலிக்கா பொட்டலம் போட்டு, டப்பாவை மூடித் தள்ளுவேன். நீ ஒட்டுவாய். வெளிநாட்டுக்குப் போகிற சரக்குக்கு ஒரு ஸ்டிக்கர். உள்ளூர் சேலுக்குப் போகிற சரக்குக்கு இரண்டு, ஒன்றில் அசல் விலை, இன்னொன்றில் தள்ளுபடி விலை. இரண்டும் ஒரே கட்டில் சேர்ந்தே வரும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு நீ மேசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாய்: "இது பொறக்கறதுக்கு முன்னாடியே தள்ளுபடிடி! ஒரு நாள்கூட அந்த வெலைக்கு வித்ததே இல்ல."

இவ்வளவும் தெரிந்த நான்தான் வேலூர் கடையில் "பாதி விலை" என்று போர்டைப் பார்த்ததும் உள்ளே ஓடி, வீட்டுக்காரருக்கு ஒரு ஜோடி வாங்கிவந்தேன். பெருமையாக உன்னிடம் டப்பாவைக் காட்டினேன். நீ வாங்கிப் பார்த்தாய். இரண்டாவது ஸ்டிக்கரை எப்போதும் இடது பக்கம் கொஞ்சம் சாய்த்து ஒட்டுவது உன் பழக்கம்.

"தோ பாரு, என் கை" என்றாய். "நான் ஒட்டுனதையே நம்பிட்டியா நீ?"

சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தக் கதைதான் ஓடியது. மூன்று மாசத்துக்கு என்னை யாரும் விடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் அடுத்த சேலுக்கும் போனேன். நான் அப்படித்தான், உனக்குத் தெரியும். தள்ளுபடி என்ற எழுத்தைப் பார்த்தால் என் கால் என் பேச்சைக் கேட்காது.

உன்னைக் கஞ்சப்பிசினாரி என்று சொன்னவர்கள் கம்பெனியில் நிறைய பேர். அவர்களுக்கு உன்னைத் தெரியாது. பிரியாணிக் கடையில் நாங்கள் எல்லாம் அரை பிளேட் சொல்லும்போது நீ முழு பிளேட் சொல்வாய், கூடவே முட்டையும் சொல்வாய். வேலூரில் ஒரு மெரூன் புடவை உனக்குப் பிடித்திருந்தது. ஆடி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது முழு விலை கொடுத்து வாங்கினாய். பத்து நாள் பொறுத்திருந்தால் பாதி விலைக்குக் கிடைத்திருக்குமே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அந்தப் பத்து நாள்ல ரெண்டு வாட்டி கட்டிட்டேன் இல்ல?" என்றாய். பிடித்தது என்றால் வாங்குவாய். விலை குறைந்துவிட்டது என்பதற்காக உனக்கு எதுவும் பிடித்துப்போனதில்லை. உன்னிடம் எனக்கு ஆத்திரம் வருவதே அங்கேதான்.

கடைக்கு என்னோடு வருவாய். நான் வெறுங்கையோடு வெளியே வர முடியாமல் தவிப்பேன். இவ்வளவு புடவையை எடுத்துப் போட்டார்களே, ஒன்றும் வாங்காமல் போனால் என்ன நினைப்பார்கள் என்று பயந்தே என்னிடம் இருக்கிற புடவையில் பாதியை வாங்கியிருக்கிறேன். நீ அந்தக் கடைப் பெண்ணிடம், "எடுத்துப் போடாதம்மா, அப்பால மடிக்கறது நீதானே" என்று சொல்லி, அவளோடு அரை மணி நேரம் ஊர்க்கதை பேசி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கையை வீசிக்கொண்டு வெளியே வருவாய்.

ஆனால் உன்னுடைய உண்மையான திமிர் ஞாயிற்றுக்கிழமையில்தான் தெரியும். தீபாவளி சேலுக்குப் போகிற சரக்கு ஆடியிலேயே நம் மேசைக்கு வந்துவிடும். உடனே ஞாயிறு ஓ.டி., இரட்டைச் சம்பளம். சூப்பர்வைசர் நோட்டோடு வந்து பெயர் கேட்பார். எல்லாரும் கொடுப்போம். நீ மட்டும் தலையை ஆட்டுவாய். நீ சர்ச்சுக்குப் போகிறவள் என்று அவருக்குத் தெரியும்.

"சர்ச்சு ஒன்பது மணிக்கு முடிஞ்சிடுதே, அதுக்கப்புறம் வாயேன்" என்றார் ஒருமுறை.

"அதுக்கப்புறம்தான் சார் என் ஞாயித்துக்கிழமையே ஆரம்பிக்குது" என்றாய்.

மேசையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. வேன் ஏறும்போது நீ என்னிடம் சொன்னது எனக்கு இன்னும் குத்திக்கொண்டிருக்கிறது: "சேலுக்குப் போற ஷூவ ஞாயித்துக்கிழமை வந்து பேக் பண்றோம். அந்தத் துட்ட எடுத்துக்கினு போயி அதே சேல்ல குடுத்துட்டு வர்றோம். நடுவுல நம்ம ஞாயித்துக்கிழமை எங்கடி போச்சு?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "உனக்கு இன்னா, ரயில்வேக்காரன் பொண்டாட்டி. மாசம் பொறந்தா சம்பளம். என் வூட்டுக்காரர் பெயின்டரு, மழை பேஞ்சா வேலை இல்ல" என்று கத்தினேன். இன்றைக்கும் அந்தப் பேச்சை நான் வாபஸ் வாங்கமாட்டேன். இல்லாதவள் ஆசைப்படுவதை இருக்கிறவள் கிண்டல் செய்யக்கூடாது. நீ அன்றைக்கு உன் டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த கேசரியை என் கையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அப்புறம் அந்த சோபா வந்தது.

என் பெண்ணைப் பார்க்க ஆற்காட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்ததும், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் கால் மடங்கி மாப்பிள்ளையின் மாமா சாய்ந்ததும் உனக்குத் தெரியும். அந்த இடம் அமையவில்லை. நாற்காலியால்தான் அமையவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்த வாரமே வேலூர் கடையில் சோபாவைப் பார்த்தேன். மூன்று பேர் உட்காருகிறது, பழுப்பு நிறம், ஆடித் தள்ளுபடியில் பாதி விலை. "ஆடியோடு சரி, இந்த விலை இனி வராது" என்று மேலே போர்டு. ஆடி முடிய மூன்று வாரம் இருந்தது. கையில் இருந்ததோடு மூன்று ஞாயிறு ஓ.டி. போனால் சோபா என்னுடையது.

"சோபா வேணும்னா வாங்குடி, நான் இன்னா வாணாம்னா சொன்னேன்?" என்றாய் நீ. "இந்த மூணு வாரத்துக்குள்ளதான் வாங்கணும்னு யார் சொன்னா?"

"போர்டு சொல்லுது" என்றேன்.

முதல் ஞாயிற்றுக்கு முந்தின நாள் நீ கேட்டாய். "மழை பேஞ்சிருக்கு. அமிர்தி அருவியில தண்ணி வுழுதாம். நாளைக்கு வா, ரெண்டு பேரும் போய்ட்டு வர்லாம்." ஓ.டி. இருக்கிறது என்றேன். "எதுக்கு திடீர்னு அமிர்தி?" என்றும் கேட்டேன். "சும்மாதான்" என்றாய். அடுத்த சனிக்கிழமையும் கேட்டாய். புளிசாதம் கட்டிக்கொண்டு வருகிறேன், பஸ் செலவும் என்னுடையது என்றாய். இன்னும் இரண்டு வாரம்தான், ஆடி முடியட்டும் என்றேன். மூன்றாவது சனிக்கிழமை நீ கேட்கவில்லை. நானும் நிம்மதியாக இருந்தேன். ஆமாம், நிம்மதியாகத்தான் இருந்தேன். அதை உன்னிடம் மறைத்து இனி என்ன ஆகப்போகிறது?

திங்கட்கிழமை நீ வேலைக்கு வரவில்லை. புதன்கிழமை உன் வீட்டுக்காரர் போன் செய்து, வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். முதல் முறை அமிர்திக்குக் கூப்பிட்டபோதே டாக்டர் கொடுத்த ரிப்போர்ட் உன் கைப்பையில் இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஓடி வந்தேன். கட்டிலில் நீ சின்னப் பெண் மாதிரி சுருங்கிக் கிடந்தாய். நான் வாயைத் திறக்கும் முன்னே நீ கேட்டாய்: "சோபா வந்துச்சா?"

வந்தது, வாசலில் நுழையவில்லை, ஜன்னல் கம்பியைக் கழற்றி அந்த வழியாக இறக்கினோம் என்றேன். நீ சிரித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்குதுடி நிறுத்துடி என்று சொல்லிக்கொண்டே சிரித்தாய். "கம்பி மாட்ற கூலியும் சேத்தா தள்ளுபடி எவ்ளோ நிக்குது?" என்று கேட்டாய். பக்கத்துக் கட்டில் அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். என்னைத் திட்டியிருக்கலாம் நீ. ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லை. நான் கிளம்பும்போது மட்டும், "அடுத்த மழைக்குப் போலாம்" என்றாய். ஐப்பசி மழை வரும்போது நீ இல்லை.

உன் சாவு வீட்டில் உன் நாத்தனார் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள்: "இத்தன வருசம் சம்பாரிச்சு இன்னா பிரயோஜனம்? பாருங்க, நல்ல பொடவன்னு நாலுதான் இருக்குது." எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியவில்லை. எழுந்து நின்றேன். "அவ சேத்து வச்சது ஞாயித்துக்கிழமைங்க. பீரோல தேடுனா கெடைக்காது. சர்ச்சுல, ஆத்தங்கரைல, உங்க அம்மா படுத்த படுக்கையா கெடந்தப்போ அவங்க கட்டிலுக்குப் பக்கத்துல போயித் தேடுங்க" என்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். உன் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அப்படிப் பேசியதற்கு நான் வருத்தப்படவில்லை.

வருத்தம் வேறு. தீபாவளிக்கு முன் துணி எடுக்க வேலூர் போனபோது அந்தக் கடையைத் தாண்டினேன். கண்ணாடிக்குள்ளே என் சோபா. அதே பழுப்பு, அதே விலை. ஆடித் தள்ளுபடி போர்டு போய்த் தீபாவளித் தள்ளுபடி போர்டு வந்திருந்தது. "இந்த விலை இனி வராது" என்ற வரி மட்டும் அப்படியே இருந்தது. ரோட்டில் நின்றுகொண்டு வாய்விட்டுத் திட்டினேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொங்கலுக்கும் அந்த சோபா அதே விலைக்கு வரும், அடுத்த ஆடிக்கும் வரும். நீ கூப்பிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் வராது. இரட்டை ஸ்டிக்கர் சரக்கைக் கையால் எடுத்துப் பெட்டியில் வைக்கிற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

சோபாவை நான் தூக்கிப் போடவில்லை. போடவும் மாட்டேன். அது எங்கள் உழைப்பு. என் பெண்ணை இப்போது பார்க்க வருகிறவர்கள் அதில்தான் உட்காருகிறார்கள். நானும் மறுபடி சேலுக்கே போகமாட்டேன் என்று சத்தியம் செய்கிற ஆள் இல்லை. போன மாசம்கூட ஒரு குக்கரைப் பார்த்துக் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. வேண்டியதாக இருந்தால் வாங்குவேன், பிடித்திருந்தால் நீ செய்த மாதிரி முழு விலை கொடுத்தும் வாங்குவேன். ஆனால் எவனோ ஒருவன் போர்டில் எழுதி வைக்கிற தேதிக்கு நான் இனி ஓடுவதாக இல்லை.

இந்த ஆடியிலும் சூப்பர்வைசர் நோட்டோடு வந்தார். என் முறை வந்தது.

"என் பேரு வாணாம் சார்" என்றேன்.

"இன்னா, ஊருக்குப் போறியா? எதனா கல்யாணமா?"

"ஒண்ணும் இல்ல சார். வூட்லதான் இருப்பேன்."

"வூட்ல சும்மா குந்தறதுக்கா ரெட்டச் சம்பளத்த வுடுற?"

"ஆமா சார்."

அவர் அடுத்தவள் பெயரை எழுதினார். அவ்வளவுதான் நடந்தது. இதற்குப் போய் பதினெட்டு வருஷம் பயந்திருக்கிறேன். அடுத்த டப்பாவை மூடித் தள்ளினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டு தெருவைத் தாண்டியது. நான் எழுந்திருக்கவில்லை. வீட்டில் எல்லாரும் வெளியே போன பிறகு கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்தேன். தூங்கலாம் என்றுதான் படுத்தேன். அழுகை வந்தது. முதலில் கொஞ்சமாக, பிறகு அடக்க முடியாமல். மத்தியானம் வரை அழுதேன். உன் அடக்கம் முடிந்த மறுநாளே நான் மேசைக்குப் போய் டப்பா மூடினவள். அதற்கப்புறம் வந்த ஞாயிறு எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கொடுத்தவள். உனக்காக உட்கார்ந்து அழக்கூட எனக்கு ஒரு நாள் இருந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்னும் நிறைய அழுகை பாக்கி இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையையும் அதற்காக வைத்திருக்கிறேன். இரட்டைச் சம்பளம் இல்லை, நாலு மடங்கு கொடுத்தாலும் அந்த நாளை நான் தரப்போவதில்லை.