வகை தெரியாத பெரிய மீன்

ஜனவரி 20, திங்கள்

கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு கடல் மீனை எண்ணுகிறேன் என்றால் யார் நம்புகிறார்கள்? கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா குழந்தையம்மாள் இன்றும் ஆரம்பித்தார். “ஏங்கண்ணு, மீனு புடிக்கறவனே எண்ணிச் சொன்னா ஆகாதா? அதுக்கொரு கேமரா, அதைப் பாக்க ஒரு ஆளா?” ஆகாது. சுறாவைப் பிடித்து அறுத்துப்போட்டு, கண்ணிலேயே படவில்லை என்பார்கள். அதனால்தான் கப்பலில் கேமரா, சரவணம்பட்டியில் நான். விலங்கியல் படித்ததற்கு இதாவது கிடைத்ததே.

அடுத்து வழக்கமான கேள்வி. “ஊட்டுக்காரரு எப்ப வாராரு?”

“வேலை முடியோணுமுங்க, வந்துருவாரு” என்றேன். திருப்பூரில் வேலை என்று சொல்லிவிட்டுத் திருமூர்த்தி கிளம்பிப் போய் மூன்றாவது பொங்கலும் முடிந்துவிட்டது. போன் எண்ணையே மாற்றிவிட்டார். பல்லடத்தில் யாரோ ஒருத்தியோடு பார்த்ததாகச் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் எதைத்தான் சொல்லமாட்டார்கள்?

பிப்ரவரி 4, செவ்வாய்

புதிதாக ஒதுக்கியிருப்பது ஒரு சூரைமீன் கப்பல். எங்கோ பசிபிக்கில். மைல் கணக்கில் நீளும் தூண்டில் கயிற்றை இழுத்து, மாட்டிய மீனை ஒவ்வொன்றாக மேலே ஏற்றுகிறார்கள். மென்பொருள் மீனைக் கண்டதும் பச்சைக் கட்டம் போட்டு, வகை சொல்லி, வைத்துக்கொண்டார்களா கடலில் எறிந்தார்களா என்றும் சொல்லிவிடும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவும். நான் ‘உறுதி’ என்று அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் திருத்த வேண்டும். சத்தம் கிடையாது. ஆட்களின் முகத்தை அதுவே மங்கலாக்கிவிடும். ஆட்களைப் பார்ப்பது எங்கள் வேலை இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

இருந்தாலும் ஒருவரைப் பார்க்கிறேன். இடது கைக்காரர். ஆமை மாட்டினால் கொக்கியைப் பதமாகக் கழற்றி, ஓட்டில் இரண்டு தட்டுத் தட்டித்தான் கடலில் விடுவார். மற்றவர்கள் கும்பலாகச் சாப்பிட, இவர் கிண்ணத்தோடு கேமராக் கம்பத்துக்கு அடியில் வந்து குந்திக்கொள்வார். உச்சந்தலை மட்டும் தெரியும். அந்த இடம் வந்ததும் தாவலை நிறுத்திவிட்டு நானும் என் டப்பாவைத் திறப்பேன். எனக்கு அரிசிம்பருப்பு சாதம், அவருக்கு என்னவோ. பக்கத்தில் ஒரு ஆளோடு உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு நாளாகிறது!

இதையெல்லாம் வெளியில் சொல்ல முடியுமா? நான் குடியிருக்கும் துடியலூர் முழுக்கச் சிரிக்கும்.

பிப்ரவரி 13, வியாழன்

காலையிலேயே தம்பி சுரேந்தரோடு சண்டை. விவாகரத்துக்குப் பொள்ளாச்சியில் வக்கீல் ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறானாம், நான் வந்து கையெழுத்துப் போட்டால் போதுமாம். “இன்னும் எதுக்குக்கா காத்துட்டிருக்கே?” என்று கேட்டான். போனை வைத்துவிட்டேன். அந்தக் கோபத்திலேயே வேலைக்கு உட்கார்ந்து, வந்த கட்டத்தையெல்லாம் உறுதி, உறுதி என்று தட்டித் தள்ளினேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. காய்ச்சலோ என்னவோ.

பிப்ரவரி 17, திங்கள்

இன்றும் இல்லை. கம்பத்துக்கு அடியில் ஒரு வாளி மட்டும் உருண்டுகொண்டிருந்தது. நான் எதற்கு இப்படித் தவிக்கிறேன்? இதெல்லாம் போன அக்டோபரில் நடந்தது. கப்பல் துறைமுகம் சேர்ந்து, பதிவை இறக்கி, எங்களுக்கு அனுப்ப மாதங்கள் ஆகிவிடும். அவருக்கு வந்த காய்ச்சல் எப்போதோ சரியாகி, இந்நேரம் வேறு எங்காவது குந்திச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. ஆபீசில் பாதிப் பேர் இல்லை. குழுத் தலைவர் நரசிம்மலு கூப்பிட்டார். “உங்க கணக்குல ஒரு மீன் அதிகமா வருதுங்க. பெரிய மீன், வகை தெரியலை, கடல்ல எறிஞ்சாங்கன்னு போட்டிருக்கீங்க. கேப்டன் அன்னைக்கு ஒண்ணுமே எறியலைன்னு பதிஞ்சிருக்காரு. ஒருக்கா பாத்துப்போடுங்க.”

நான் தட்டித் தள்ளிய நாளின் கட்டம். வேகத்தைக் குறைத்துப் போட்டேன்.

அலை ஒன்று தளத்தில் ஏறுகிறது. மீன் ஏற்றுவதற்காகப் பக்கச் சுவரில் ஒரு திறப்பு உண்டு. அது வழியாகக் கறுப்பாக, நீளமாக ஏதோ வழுக்கிக்கொண்டு வெளியே போகிறது. அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம். மழைக்கோட்டு. கட்டத்துக்கு வெளியே ஒரு இடது கை, கயிற்றைத் தேடுகிறது.

நான் உறுதி செய்திருக்கிறேன். மீன்தான் என்று உறுதி செய்திருக்கிறேன். அடிப்பாவி, கண்ணு என்னடி பண்ணிட்டிருந்துச்சு உனக்கு?

தாவாமல் முழுவதும் பார்த்தேன். மற்றவர்கள் ஓடிவருகிறார்கள். மிதவை எறிகிறார்கள். கப்பல் திரும்புகிறது, வட்டம் போடுகிறது, மறுபடியும் வட்டம். இருட்டும்வரை தேடினார்கள். கிடைக்கவில்லை. மறுநாள் தூண்டில் போட்டுவிட்டார்கள்.

கேப்டனின் பதிவில் அன்றைக்கு மீன்தான் இருக்கிறது. ஆள் விழுந்ததாக ஒரு வரி இல்லை.

பிப்ரவரி 27, வியாழன்

நரசிம்மலு கெட்டவர் இல்லை. நான் போட்டுக் காட்டியதும் நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். மேலிடத்தில் பேசிவிட்டு மத்தியானம் வந்தார். “எனக்கும் மனசு கேக்கலைங்க லோகப்பிரியா. ஆனா கப்பல் ஆளுங்களைப் பத்தி நாம ஒண்ணும் எழுதக்கூடாதுன்னு ஒப்பந்தமே இருக்குதுங்களே. அதைக் கப்பல்காரங்க பாத்துக்குவாங்கன்னு சொல்லிப்போட்டாங்க. ‘மீன் இல்லை’ன்னு திருத்தி மூடிருங்க.”

“கேப்டன்தான் மறைச்சுப்போட்டாருங்களே, அப்புறம் யாரு பாப்பாங்க?” என்றேன். அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

திருத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் கணக்கும் கேப்டன் கணக்கும் பொருந்திவிடும். கணக்கு பொருந்திய படப்பதிவுகளை வைத்திருக்கமாட்டார்கள், அழித்துவிடுவார்கள். திருத்தாமல் விட்டால் கணக்கில் தகராறு. தகராறு என்றால் அந்தக் கடலுக்குச் சொந்தக்காரத் தீவு நாட்டின் மீன்துறைக்குத் தானாகவே போகும். அவர்கள் படத்தை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

ஒரு மீனைக் காணோம் என்றால் அரசாங்கம் விசாரிக்கும்.

பிப்ரவரி 28, வெள்ளி

“மறுபடி பாத்தேனுங்க. மீன்தான்” என்று நரசிம்மலுவிடம் சொன்னேன். உறுதி அழுத்தினேன். “கணக்கு பொருந்தாட்டி உங்க மார்க் குறையுமுங்க” என்றார் அவர். குறையட்டும். இறந்துபோன ஒரு மனிதரைத் தெரிந்தே மீன் என்று எழுதிவிட்டேன். ஐயா, என்னை மன்னித்துவிடுங்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

படப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இனி எனக்குக் கப்பல் கிடையாது. அசையாத மீன் படங்களைச் சுற்றிக் கட்டம் வரைந்து மென்பொருளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. குழந்தையம்மாள் பாயசம் கொடுத்தனுப்பினார். லீவு நாளென்று படுத்தே கிடந்தேன். மத்தியானம் மெயில் பார்த்தால், தீவு நாட்டு மீன்துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி. “நீங்கள் உறுதி செய்திருப்பது மீன் இல்லை. உங்களுக்கு அது தெரியுமா?”

“தெரியும். நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான்” என்று எழுதினேன்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. அந்தப் பயணத்தில் ஒரு ஆள் குறைந்தது அவர்களுக்குத் தெரியுமாம். ஹெரியாந்தோ, இந்தோனேசியாக்காரர். துறைமுகத்தில் இறங்கி ஓடிப்போய்விட்டார் என்று கேப்டன் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஊரில் மனைவிக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். உன் புருஷன் ஓடிப்போய்விட்டான்.

ஓடிப்போய்விட்டான். பாயசத்தை மூடி வைத்துவிட்டேன்.

மே 9, வெள்ளி

இன்று போனில் பேசினோம். அதிகாரி, மொழிபெயர்க்க ஒரு பெண், ஹெரியாந்தோவின் மனைவி, நான். முகம் மங்கலாக இருப்பதால், விழுந்தது ஹெரியாந்தோதான் என்று எப்படிச் சொல்வது என்கிறதாம் கப்பல் கம்பெனி. நான் பார்த்ததைச் சொல்லச் சொன்னார்கள்.

இடது கையால் கத்தி பிடிப்பதைச் சொன்னேன். ஆமையைத் தட்டுவதைச் சொன்னேன். தனியாகக் குந்திச் சாப்பிடுவதைச் சொன்னதும் அந்தம்மா குறுக்கே ஏதோ சொன்னார். முன்பல் இரண்டு போன பிறகு அவர் யார் எதிரிலும் சாப்பிடமாட்டாராம், கூச்சமாம். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நான்தான் எதிரில் உட்கார்ந்திருந்தேனே.

பிறகு அந்தம்மா, “அப்படியென்றால் அவர் ஓடிப்போகவில்லையா?” என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடியும் அதையே கேட்டார். “இல்லீங்க. வேலை செஞ்சுட்டிருந்தாருங்க. கயித்தைப் புடிக்கத்தான் கையை நீட்டுனாருங்க” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவசரமாக ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்தம்மா, எந்தத் தேதி என்று கேட்டார். சொன்னேன். குறித்துக்கொண்டார். இறந்த தேதி தெரிந்தால்தான் அவருக்காகக் குர்ஆன் ஓத முடியும் என்றார். இத்தனை மாதம் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேனே என்று அழுதார்.

வைப்பதற்கு முன்னால் என்னை விசாரித்தார். உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று. வாயில் தயாராக இருந்த பொய் ஏனோ வரவில்லை. “நான் மட்டும்தான்” என்றேன்.

“நேற்று வரைக்கும் நான் காத்துக்கொண்டிருந்தேன். இன்றிலிருந்து நானும் நான் மட்டும்தான்” என்றார்.

மே 11, ஞாயிறு

நேற்று முழுக்கப் படுக்கையை விட்டு எழவில்லை. இன்று காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, சுரேந்தருக்கு நானே போன் செய்தேன். வக்கீலிடம் நாள் கேட்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை என்றால் பொள்ளாச்சிக்கு வந்துவிடுகிறேன் என்றேன்.

அவனுக்கு நம்பிக்கையே வரவில்லை. “ஏங்க்கா, திடீர்னு என்னாச்சு? மாமாவைப் பத்தித் தகவல் ஏதாச்சும் வந்துச்சா?”

“ஒண்ணும் வரலை கண்ணு. அவரு கடல்ல ஒண்ணும் விழுகலையே. போயிட்டாரு, அவ்வளவுதான்” என்றேன்.