கிள்ளான் ரோட்டில் இரண்டு பேர் ஓட்டிய கார்

மச்சான்,

இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் பெட்ரோல் பம்பில் நம் காரை நிறுத்தினேன். பம்புக்காரர் பிடியை ஆட்ட ஆட்ட, மேலே இருக்கும் கண்ணாடிக் குடுவையில் பெட்ரோல் ஏறி வந்தது. ரப்பர்க் குழாயை எடுக்கும்போது கொஞ்சம் என் கையில் சிந்திவிட்டது. இந்த வாசனையோடுதான் நீ சனிக்கிழமை மத்தியானங்களில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாய். "மொதல்ல கைய கழுவுண்ணே" என்று உன் தங்கை சோப்பை நீட்டிக்கொண்டு நிற்பாள். நீ கழுவுவாய். கழுவினாலும் போகாது. ரசத்தில்கூட எண்ணெய் நாறுகிறது என்று அவள் முனகுவாள். இன்று கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தபோது உன்னோடு பேச வேண்டும்போல இருந்தது. வேறு வழியில்லாததால் எழுதுகிறேன்.

அந்தக் கார் நம் கைக்கு வந்ததே ஒரு கெட்ட காலத்தில்தான். மலாயா முழுக்க ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்து, சனங்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். துரைமார்களிலும் சிலர் போனார்கள். அப்படிப் போன ஒருவருடைய வண்டி அது. ஆறு சிலிண்டர், நீண்ட மூக்கு, கித்தான் கூரை, வேகத்துக்கென்றே செய்தது. அது குடிக்கும் பெட்ரோலுக்குப் பயந்து யாரும் கிட்டே போகவில்லை. அதனால்தான் வாடகைக் கார் ஓட்டிய எனக்கும், ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த உனக்கும் அது கிடைத்தது. ஆளுக்குப் பாதி என்று வாங்கினோம்.

பாதியைப் பிரித்துக்கொண்டதில்தான் வம்பு. எனக்கு அது தினமும் கிள்ளானுக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டி. உனக்கு அது ஞாயிற்றுக்கிழமை. என்ஜின் மூடியைத் திறந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மாதா கோயில் மணி அடித்தாலும் காதில் வாங்காமல் குனிந்து நிற்பாய். என்ஜினுக்குள் பெட்ரோல் போகும் வழியில், பித்தளையில் துளை போட்ட ஒரு சின்னத் திருகு இருக்கும், ஜெட் என்பாய். துளை பெரிதானால் வண்டி புலி மாதிரிப் பாயும். சிறிதானால் எண்ணெய் மிச்சம். நீ எனக்குத் தெரியாமல் பெரியதை மாட்டிவிடுவாய். திங்கட்கிழமை புகைக்குழாயின் வாய் கறுத்திருப்பதைப் பார்த்து நான் கண்டுபிடிப்பேன். உனக்குத் தெரியாமல் சிறியதை மாட்டுவேன். அப்புறம் பெட்டாலிங் மேட்டில் பயணிகளை வைத்துக்கொண்டு வண்டி இருமும்; அந்தச் செய்தி எனக்கு முன்னால் உன் காதுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

"இவ்வளவு பெரிய என்ஜினுக்கு அரை வயிறு கஞ்சி ஊத்துனா எப்படி இழுக்கும் மாப்ள?"

"நீ முழு வயிறு ஊத்துனா என் வீட்ல கஞ்சி வேகாது மச்சான்."

இரண்டு வாரம் நாம் பேசிக்கொள்ளாமல் இருந்ததும் உண்டு. உன் தங்கைதான் நடுவில் மாட்டிக்கொண்டு அவதிப்பட்டாள். ஒருநாள் சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு பேரும் ஒரே காருக்குத்தான் பாடுபடுறீங்க. அதுக்கு ஏன் மூஞ்சிய திருப்பிக்கிறீங்க?"

அவள் சொன்னது உனக்கு எங்கேயோ பட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் புடுவில் ஒரு சீனரின் பட்டறைக்கு வண்டியை ஓட்டிப் போய், சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருக்கும் இரும்பை மெல்லியதாகச் சீவிக் கொண்டுவந்தாய். உள்ளே இடம் குறைந்ததால் அதே சொட்டு முன்பைவிட இறுகி வெடிக்கும், இழுவையும் கூடும், எண்ணெயும் குறையும் என்று விளக்கினாய். நான் நம்பவில்லை. ஓட்டிப் பார்த்தபோது நீ சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதோடு நீ நிற்கவில்லை. சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றை அந்த ஜெட் இருக்கும் கார்புரேட்டரில் இணைத்து, மறுமுனையில் ஒரு மரக்குமிழை மாட்டி, முன்பலகையின் இடது ஓரத்தில் பொருத்தினாய். உள்ளே தள்ளினால் எண்ணெய் குறையும், வெளியே இழுத்தால் கூடும். சமதரையில் தள்ளி ஓட்டு, மேட்டில் இழுத்துக்கொள் என்றாய்.

"இனிமே சண்டை வேணாம். உனக்கு வேணும்னா உள்ள தள்ளு, எனக்கு வேணும்னா வெளிய இழுக்கிறேன்."

அது என் கைக்கு எட்டாத இடம். நான் சொன்னதற்கு, "பக்கத்துல உக்கார்றவன் இழுக்கட்டும்" என்றாய். நீ பக்கத்தில் உட்காருவதற்குத்தான் அந்த ஏற்பாடு என்று அப்போதே எனக்குப் புரிந்தது. சிரித்துக்கொண்டேன்.

அந்த மழை வந்தது அதற்குப் பிறகுதான். விடாமல் பெய்து, ஆறு கரைமீறி, பிரிக்பீல்ட்ஸில் பாதித் தெரு தண்ணீரில் நின்றது. பம்பைச் சுற்றி முழங்கால் அளவுக்குத் தண்ணீர்; பெட்ரோலில் கலந்துவிடும் என்று பூட்டிவிட்டார்கள். பட்டறைக்கும் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதால் நீ காலையிலேயே எங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாய். பிறகு தண்டவாளம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஸ்டேஷன் பக்கம் போனவன், ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாய். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, கையில் ஒரு துணி மூட்டை. பெயர் பாக்கியம் என்றாள். தோட்டத்திலிருந்து ஊருக்கு அனுப்பப்பட்ட கூட்டத்தில் அவளும் ஒருத்தி. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதால் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டாள். புருஷன் மூத்த பெண்ணோடு முன்னால் துறைமுகத்துக்குப் போய்விட்டான். இவள் ரயிலில் வந்து சேர்ந்துகொள்வதாகப் பேச்சு. வெள்ளம் தண்டவாளக் கரையை அரித்து ரயில் நின்றுவிட்டது. கப்பல் அன்று பிற்பகல்.

"நான் போகலேன்னா அந்த மனுஷன் என்ன செய்வாருன்னு தெரியலண்ணே. புள்ளையோட ஏறிட்டார்னா நான் இங்க யாருகிட்ட போவேன்?" அழவில்லை அவள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நீ என்னைப் பார்த்தாய். நான் டாங்கியில் குச்சியை விட்டுப் பார்த்தேன். கிள்ளான் வரைக்கும் தாராளமாகப் போகும். அங்கே பெட்ரோல் அடித்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போகலாம். "வண்டிய எடு மாப்ள, நானும் வர்றேன்" என்று இடது பக்கம் ஏறி உட்கார்ந்தாய். உன் தங்கை கொஞ்சம் சோற்றை வாழையிலையில் கட்டி அந்தப் பெண்ணின் மடியில் வைத்தாள். நம்மிடம், "பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அந்தக் காரைப் பார்த்தாலே அவளுக்கு அப்படித்தான்.

பத்து தீகா என்ற ஊருக்கு முன்னால் சாலை இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு ஏரிதான் இருந்தது. ஓரத்தில் சாரோங்கை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற மலாய்க்காரர் ஒருவர் கையை ஆட்டினார். "பாஞ்சிர். தா போலே." வெள்ளம், போக முடியாது. வேறு வழி உண்டா என்று நீ மலாயில் கேட்டாய். தோட்டங்களுக்குள் ஒரு செம்மண் சாலை, குன்றேறிச் சுற்றிக்கொண்டு கிள்ளானுக்குத் தென்புறம் இறங்கும் என்றார். தூரம் மும்மடங்காவது இருக்கும் என்று அவர் கையை விரித்த விதத்திலேயே தெரிந்தது.

வண்டியைத் திருப்பிவிட்டு நான் உன்னிடம் மெதுவாகச் சொன்னேன். "எண்ணெய் பத்தாது மச்சான். மெதுவா போனா ஒருவேளை பத்தும். மெதுவா போனா கப்பல் போயிடும்."

"வேகமா போனா?"

"நடுத்தோட்டத்துல நிப்போம்."

பின்னால் அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். குழந்தையை மார்போடு இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

நீ குமிழின்மேல் கையை வைத்தாய். "மெதுவாவும் வேணாம், வேகமாவும் வேணாம். உன் கால நீ பாத்துக்க, எண்ணெய நான் பாத்துக்கிறேன். எண்ணெய குடிக்கிறது காரு இல்ல மாப்ள, உன் காலுதான். அத அடக்கி வை."

அன்று ஓட்டியதுபோல் அதற்கு முன் நான் ஓட்டியதில்லை. சமதரையில் நீ குமிழை உள்ளே தள்ளிவிடுவாய். என்ஜின் தூங்குவதுபோல் முனகும். மேடு கண்ணில் பட்டதும், "இப்ப" என்று சொல்லி இழுப்பாய், நான் மிதிப்பேன். அந்தப் பெரிய என்ஜின் ஒரே மூச்சில் நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னாலேயே, "விடு" என்பாய். நான் காலை எடுப்பேன், நீ தள்ளுவாய், போன வேகத்திலேயே வண்டி உச்சியைத் தாண்டி மறுபக்கம் தானாக இறங்கும். இரண்டு மேடு ஆனபின் நீ வாயே திறக்கவில்லை. என் கால் அசைவதும் உன் கை அசைவதும் ஒன்றாகவே நடந்தன. இரண்டு வருஷமாக அந்த என்ஜினை நான் ஒரு பக்கமும் நீ ஒரு பக்கமுமாக இழுத்திருந்தோம். அன்றைக்குத்தான் அது நம் இருவருக்கும் சொந்தமானது.

ஒரு குன்று மட்டும் என்னைப் பயமுறுத்தியது. செங்குத்து, மழையில் ஊறிய செம்மண், பாதி வழியில் பின்சக்கரம் வழுக்கியது. சின்ன என்ஜின் உள்ள எந்த வண்டியும் அங்கிருந்து பின்னால்தான் போயிருக்கும். நீ குமிழை முழுக்க வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டாய். "பயப்படாத தங்கச்சி, இதுக்குத்தான் இத்தன நாளா நான் இவன்கிட்ட திட்டு வாங்குனேன்" என்று பின்பக்கம் பார்த்துச் சொன்னாய். வண்டி உறுமி, சேற்றை வாரி இறைத்து, ஏறிவிட்டது. எனக்கு அந்த இடத்தில் உன்மேல் இருந்த கோபமெல்லாம் போயிற்று.

கிள்ளான் வந்தபோது கடைத்தெருப் பம்ப் திறந்திருந்தது. முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. நின்றால் நேரம் போய்விடும். நான் உன்னைப் பார்த்தேன். நீ காதை என்ஜின் பக்கம் சாய்த்துக் கேட்டுவிட்டு, "போ" என்றாய். நிற்காமல் போனேன்.

போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பல் இன்னும் கரையோடு கட்டியிருந்தது. ஏணிப்படியின் அடியில் ஒரு மனிதன், எட்டு வயசுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு, பெட்டியின்மேல் காலை ஊன்றி நின்றான். கூட்டத்தை ஏற்றிவிட வந்த தோட்ட ஆபீஸ் கிராணி அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஏறுய்யா. அவ அடுத்த கப்பல்ல வருவா."

"அவ வரட்டும் சார், ஏறுறேன். அவ வராம நான் கால எடுத்து வைக்க மாட்டேன்."

பாக்கியம் வண்டி நிற்குமுன் இறங்கிவிட்டாள். ஓடவில்லை, குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததால் வேகமாக நடந்தாள். அந்தச் சின்னப் பெண்தான் முதலில் பார்த்துவிட்டு, அப்பன் கையை உதறிக்கொண்டு வந்து தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. புருஷன் பெட்டியின்மேல் இருந்த காலை எடுத்தான். அவளைத் தலைமுதல் கால்வரை ஒருமுறை பார்த்தான். "காச்ச விட்டுடுச்சா?" என்று கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அவன் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். படியில் ஏறும்போது பாக்கியம் திரும்பி நம் இருவரையும் பார்த்துக் கும்பிட முயன்றாள். குழந்தையோடு முடியவில்லை. தலையை மட்டும் குனிந்தாள்.

கப்பல் கிளம்பும்வரை நாம் அங்கேயே நின்றோம். பிறகு நீ டாங்கியின் மூடியைத் திறந்து குச்சியை விட்டாய். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். நுனியில் ஒரு விரல் அகலத்துக்கு ஈரம் இருந்தது.

"இன்னும் இருக்கு மாப்ள."

வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டேன். நீயும் பக்கத்தில் உட்கார்ந்தாய். ஏன் என்று தெரியாமல் இருவரும் சிரிக்கத் தொடங்கினோம். சுமை தூக்குகிறவர்கள் நம்மைப் பார்த்துவிட்டுத் தாங்களும் சிரித்துக்கொண்டே போனார்கள். அப்படியொரு நிம்மதி, மச்சான், என் கல்யாணத்தன்றுகூட எனக்கு வந்ததில்லை. இதை உன் தங்கையிடம் சொல்லாதே என்று எழுத வந்தேன். இப்போது அதற்கு அவசியமில்லை.

பல வருஷமாக அவள் பயந்தது வேறு. அண்ணனையும் புருஷனையும் அந்தக் கார் ஒரே நாளில் கொண்டுபோய்விடும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். நாம் கிளம்பும்போதெல்லாம் மாதாவின் படத்துக்கு முன்னால் நிற்பாள். கடைசியில் உனக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரிக் கட்டிலில், காலை வெளிச்சத்தில், அவள் கை உன் நெற்றிமேல் இருக்கும்போது போனாய். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் அவள் சொன்னாள்: "ரோட்ல போகல. அந்தப் பயமாவது போச்சு." அப்படிச் சொன்னதற்காக அவளே அழுதாள். நான் அவளைத் தேற்றவில்லை. எனக்கும் அதே நினைப்புதான் இருந்தது. நீ வலியில்லாமல் போனாய், உன் பக்கத்தில் உன் மனிதர்கள் இருந்தார்கள் என்பதை இப்போது வருத்தமில்லாமல் நினைத்துப் பார்க்க முடிகிறது.

காரை நான் இன்னும் ஓட்டுகிறேன். சின்னக் கார்கள் நிறைய வந்துவிட்டன. இதை விற்றுவிட்டு ஒன்று வாங்கிக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அவசரமில்லை. எண்ணெய்க்கும் இழுவைக்கும் நடுவில் அது நிற்கும் இடம் எனக்குத் தெரியும். அதைவிட்டு இறங்கத் தோன்றவில்லை.

போன வாரம் கிள்ளானுக்கு ஒரு வாத்தியாரை ஏற்றிப் போனேன். எதையும் கவனித்துப் பார்க்கிற மனிதர். பெட்டாலிங் தாண்டியதும் கேட்டார்: "ஒவ்வொரு மேட்டுலயும் உச்சி வர்றதுக்கு முன்னாலயே கால எடுத்துடுறீங்களே, ஏன்?"

"பழக்கம் சார்" என்று சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கிள்ளான் வந்துவிடும், கதை பாதியில் நிற்கும்.