பத்திரத்தின் முதுகில்

12-7-72, புதன்

கஸ்பார் மாமாவுக்கு வட்டி கொடுத்துவிட்டு வந்தார் இவர். எவ்வளவு கொடுத்தீங்க என்று கேட்டேன். பத்து ரூபாய் என்றார். எனக்குப் பகீரென்றது.

ஏன் பத்து? கிணறு வெட்ட வாங்கியது ஆயிரம். வீட்டையும் அதை ஒட்டி நாங்கள் காய் போடுகிற கொல்லையையும் அடமானம் வைத்து வாங்கியது. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, அந்தக் கணக்கில் பத்து சரி. ஆனால் ஜனவரியிலிருந்து மே வரைக்கும் என் சம்பளத்திலிருந்து மாதம் நூறு, வட்டி போக அசலுக்கென்று தனியாகக் கொடுத்தனுப்பினேனே. பஸ்ஸுக்குக் காசு செலவழிக்காமல், வயிற்றுப் பிள்ளையோடு மூன்று மைல் நடந்து பள்ளிக்கூடம் போய் மிச்சம் பிடித்த பணம். அசல் பாதியாகியிருக்க வேண்டும். வட்டி ஐந்து. என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விரல் மடக்காமல் சொல்வார்கள்.

பத்திரத்து முதுகில் வரவு எழுதினாரா என்று கேட்டேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எழுதுவாரு. எங்க போயிடப் போறாரு" என்றார்.

எழுதவில்லை. ஐந்து தடவையில் ஒரு தடவைகூட எழுதவில்லை. பத்திரத்தின் முதுகில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்காத பணம் கொடுக்காத பணம்தான். இது இந்த ஊரில் ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். இவருக்குத் தெரியாதா?

வரும் பங்குனியோடு கெடு முடிகிறது. ஐந்நூறு பாக்கி என்றால் நான் வேலைக்குத் திரும்பி மாதம் நூறாகக் கட்டி முடித்துவிடுவேன். ஆயிரம் பாக்கி என்றால் முடியாது. வீடு போய்விடும்.

பாப்பாவுக்கு இன்றோடு இரண்டு வாரம். நிம்மதியாகத் தூங்குகிறாள், அவளுக்கென்ன.

14-7-72

தலைமை ஆசிரியர் குப்புராஜ் சார் வாசலோடு வந்து சொல்லிவிட்டுப் போனார். என் பிரசவ லீவு யூனியன் ஆபீசில் இன்னும் சாங்ஷன் ஆகவில்லை. ஆகும்வரை சம்பளம் இல்லை. கையில் முப்பத்தேழு ரூபாய்.

16-7-72, ஞாயிறு

இன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது.

ஏன் எழுதி வாங்கவில்லை என்று காலையிலிருந்து அரித்தேன். கடைசியில் சொன்னார். கஸ்பார் மாமா பாப்பாவுக்கு ஞானத்தகப்பனாக நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்த அன்றைக்கே அவராகச் சொன்னாராம். அதற்கப்புறம் எப்படிக் கேட்பது?

"ஞானத்தகப்பன்னா சொந்த அண்ணன் மாதிரி. அவருகிட்டப் போயி எழுதிக் குடுங்கன்னு நின்னா காறித் துப்புவாங்க" என்றார்.

உண்மைதான், எங்கள் சனத்தில் அப்படித்தான். ஞானஸ்நானத் தொட்டியருகே நம் பிள்ளையை ஏந்தி நிற்கிறவரிடம் கணக்குப் பேசமாட்டோம். மாமாவுக்கு அது தெரியாமலா இருக்கும்? மில் முதலாளி, கோயில் கமிட்டியில் பெரிய மனிதர். போன வருஷம் சித்திரையில் எங்கள் கிணற்றில் தண்ணீர் கண்டதிலிருந்து சாயங்கால நடையை எங்கள் வரப்புப் பக்கம் மாற்றிக்கொண்டவர்.

நானே போய்க் கேட்கலாம் என்றால் நாற்பது நாள் முடியாமல் வாசல்படி தாண்டக்கூடாது. இவருடைய அக்கா ரோசம்மா வாசலிலேயே முறத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பொல்லாத காவல்.

19-7-72

பூண்டு, கருப்பட்டி, பத்திய மருந்து என்று அக்கா சந்தையில் நாலு ரூபாய் செலவு செய்துவிட்டு வந்தார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அதனால்தான் கேட்கவில்லை. "பெத்தவ வவுறு காஞ்சா புள்ளைக்குப் பால் எங்கிருந்து வரும்" என்கிறார். அக்காவுக்கும் இவருக்கும் இரண்டு வேளையும் களிதான். இவர் கத்தரிக்காயை மாரண்டஹள்ளி மண்டிக்குச் சுமந்து போய், கூடைக்கு இத்தனைதானா என்று முனகிக்கொண்டே திரும்புகிறார்.

23-7-72, ஞாயிறு

பங்குச் சாமியார் வந்திருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எங்கள் கோயிலுக்கு வருவார். பாப்பாவுக்கு இன்றைக்கே தண்ணீர் ஊற்றிவிடலாம் என்று சொல்லியனுப்பினாராம். மாமா புது வேட்டி சட்டையோடு காத்திருந்தாராம்.

பாப்பாவுக்குச் சளி, தலையில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லி நான் அனுப்பவில்லை. சளியெல்லாம் ஒன்றுமில்லை. வரவு எழுதுகிறவரைக்கும் ஞானஸ்நானம் கிடையாது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். அவர் ஒரு தடவை பிள்ளையை ஏந்திவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் இவர் வாய் திறக்கமாட்டார்.

அக்காவுக்குச் சந்தேகம். தண்ணீர் ஊற்றாத பிள்ளைக்கு ஏதாவது ஆனால் மோட்சம் உண்டா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நான் பாப்பாவை எடுத்துப் பால் கொடுத்தேன்.

1-8-72

இந்த மாத வட்டிக்கு ஐந்து ரூபாய்தான் கொடுத்தனுப்பினேன். இதுதான் சரியான வட்டி, ஏன் என்று கேட்டால் சொல்லுங்கள், கேட்பாரே, அப்போதாவது பேச்சு வரட்டும் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

திரும்பி வந்து, மாமா ஒன்றும் கேட்கவில்லை என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

3-8-72

சந்தோஷப்பட்டவள் முகத்தில் கரி. அக்காவின் சுருக்குப்பையிலிருந்து இன்னொரு ஐந்து ரூபாய் கடன் வாங்கிப் பத்தாகக் கொடுத்திருக்கிறார்! அக்கா என்னிடமே கேட்கிறார், அந்த அஞ்சு எப்போ வரும் என்று.

சீ. என்ன மனுஷன். என்கிட்டப் பொய் சொல்லலாம், கஸ்பார்கிட்டக் கணக்குக் கேக்கக் கூடாது. அப்படி என்ன பயம்? வூடு போனா எங்க படுக்கறது, கிணத்துலயா?

கத்திவிட்டேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். நல்ல மனுஷன்தான், அதுதான் கோபமே.

9-8-72

நாற்பது நாள் முடிந்தது. மாமா சேலத்துக்குப் போயிருக்கிறாராம், வர ஒரு வாரம் ஆகுமாம். என் நேரம்.

20-8-72, பாலக்கோடு ஆஸ்பத்திரி

எழுதினால்தான் எனக்குப் படபடப்பு அடங்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் பாப்பாவுக்குக் காய்ச்சல். கம்பவுண்டர் கொடுத்த மருந்து நிற்கவில்லை, கக்கிவிட்டாள். மத்தியானம் உடம்பு கொதித்தது. இவர் விடியற்காலையிலேயே காயோடு மண்டிக்குப் போய்விட்டார். வட்டிக்கென்று டப்பாவில் வைத்திருந்த பணத்தை எடுத்து முடிந்துகொண்டு, நானும் அக்காவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினோம். பாலக்கோட்டு பஸ் வரவில்லை. மாதையன் டீக்கடைப் பந்தலில் நின்றோம்.

அங்கேதான் கண் மேலே சொருகியது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. உதடு நீலம்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு, "பேருகூட இல்லாமப் போவுதே என் கொழந்த" என்று அழுதார். பேர் இல்லாமல் வைத்திருந்தது யார்? நான். ஐந்நூறு ரூபாய்க்காக.

ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் வருஷா வருஷம் நான்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சாகிற ஆபத்தில் சாமியார் வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் ஊற்றலாம். மாதையனிடம் தண்ணீர் என்றேன். அவர் குடிக்க என்று நினைத்து டீ கிளாஸைக் கழுவி நிரப்பிக் கொடுத்தார். பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே என்று மூன்று தடவை அவள் நெற்றியில் ஊற்றினேன். பேர் சொல்லவேண்டும். யோசிக்கவில்லை, செத்துப்போன என் அம்மா பேர்தான் வாயில் வந்தது. மதலேனாள்.

மாதையன் வேறு சனம். ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், அடுப்பை விட்டு ரோட்டின் நடுவில் போய் நின்று, வந்த லாரியை மறித்து எங்களை ஏற்றிவிட்டார்.

இழுப்பு அன்றைக்கே நின்றது. இன்று காலை காய்ச்சலும் இறங்கிவிட்டது. பாலுக்கு அழுகிறாள். டாக்டரம்மா இரண்டு நாளில் போகலாம் என்றார். டப்பாப் பணம் முழுக்க ஊசிக்கும் மருந்துக்கும் போய்விட்டது. போகட்டும். ஆண்டவரே, போகட்டும்.

27-8-72, ஞாயிறு

பாப்பாவைக் கோயிலுக்குத் தூக்கிப் போனோம். டீக்கடையில் ஊற்றியதைச் சாமியாரிடம் சொன்னேன். என்ன சொல்லி ஊற்றினாய், தண்ணீர் தலையில் பட்டதா என்று இரண்டே கேள்வி கேட்டார். பிறகு, "செல்லும்மா. ஒரு ஆத்துமாவுக்கு ரெண்டு தடவை ஊத்த முடியாது. எண்ணெய் பூசறது ஒண்ணுதான் பாக்கி" என்றார்.

ஞானத்தகப்பன்? என்று இவர் மெதுவாகக் கேட்டார். ஆபத்தில் கொடுத்த ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பன் இல்லாவிட்டாலும் குறையில்லை, வேண்டுமானால் சடங்குக்கு ஒருவர் நிற்கலாம் என்றார். வேண்டாம் சாமி என்று நான் முந்திக்கொண்டேன். எண்ணெய் பூசி, மதலேனாள் என்று புத்தகத்தில் எழுதினார்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் இவர், "மாமாகிட்ட இப்ப என்னன்னு சொல்றது?" என்றார்.

நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

2-9-72, சனி

போனோம். இவரும் வந்தார், வரமாட்டார் என்று நினைத்தேன். பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நான் முன்னால். தேதிகளை இந்த நோட்டில் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டு போனேன். கையில் வட்டிப் பணம்கூட இல்லை.

மாமா நாற்காலியில் இருந்தார். அவர் சம்சாரம் லூர்தம்மாள் காபி கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்கவில்லை. இந்த மாத வட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது, சம்பளம் வந்ததும் சேர்த்துத் தருகிறேன், அசலுக்குக் கொடுத்த ஐந்நூறையும் பத்திரத்தில் வரவு வைத்துக் கொடுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

மாமா எழுந்து உள்ளே போய்ப் பத்திரத்தை எடுத்துவந்து மேஜைமேல் போட்டார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஊரைக் கூட்டி வேட்டி எடுத்து வைத்திருந்தேன், டீக்கடையில் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டீர்கள், எனக்கு எவ்வளவு அசிங்கம் தெரியுமா என்று இவரைப் பார்த்துப் பேசினார். இவர் தலை குனிந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தண்ணியும் நீயே ஊத்திக்கிட்ட. வரவையும் நீயே எழுதிக்க."

குத்தலாகத்தான் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விடுவேன் என்று நினைத்திருப்பார்.

பாப்பாவை லூர்தம்மாள் கையில் கொடுத்தேன். பையிலிருந்து பேனாவை எடுத்தேன். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி, குண்டுகுண்டாக, ஐந்து வரி. தேதி, அசலில் வரவு ரூபாய் நூறு. தேதி, அசலில் வரவு ரூபாய் நூறு. எழுதி முடித்துப் பேனாவை அவர் பக்கம் நீட்டினேன்.

"எழுதிட்டேங்க மாமா. கையெழுத்து மட்டும் நீங்க போடணும்."

அவர் பேனாவைத் தொடவில்லை. முகம் சிவந்துவிட்டது. அப்போது லூர்தம்மாள் பாப்பாவைத் தோளில் தட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார். "அஞ்சு வாட்டியும் பணத்தை எண்ணிப் பொட்டியில வெச்சது நானுங்க. போடுங்க."

போட்டார். ஐந்து வரிக்கும் ஐந்து கையெழுத்து. கடைசிக் கையெழுத்தில் நிப்பு காகிதத்தைக் கீறிவிட்டது.

புறப்படும்போது, பேர் என்ன என்று லூர்தம்மாள் கேட்டார். சொன்னேன். அந்த அம்மாவுக்குப் பிள்ளை இல்லை. மதலேனாள், மதலேனாள் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஒன்றுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

26-9-72, செவ்வாய்

வேலையில் சேர்ந்தேன். லீவுச் சம்பளம் மொத்தமாக வந்துவிட்டதாம். பாப்பாவை அக்காவிடம் விட்டுவிட்டுப் போனேன். மூன்று மைலும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

9-11-72, வியாழன்

பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் பையில் பேனா இல்லை. தேடு தேடென்று தேடினேன். குப்புராஜ் சாரிடம் இரவல் வாங்கி எழுதவேண்டியதாகிவிட்டது. டீச்சர் பேனா இல்லாமல் வருவதா என்று அவர் கேலி செய்தார். அக்காதான் பாப்பாவுக்கு விளையாடக் கொடுத்திருப்பார் என்று கறுவிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் இவர் வந்தார். இன்று மாமாவுக்கு அசல் நூறும் வட்டியும் கொண்டுபோகிற நாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து என் பேனாவை எடுத்து, மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மாடத்தில் வைத்தார்.

"வரவு வெச்சாச்சு" என்றார். கை கழுவக் கிணற்றடிக்குப் போனார்.