பச்சைச் சாயத்துக்கு அடியில் மஞ்சள்

வெள்ளிக்கிழமை இரவு, கோலா சிலாங்கூர்.

1. வழக்கறிஞர் சூசைநாதனாகிய நான், தெளிந்த மனத்துடன், எனக்காக மட்டுமே இதை எழுதுகிறேன்.

லோரி ஓட்டும் தேவாவிடம் நான் வாங்கிய, கையால் செய்த பழைய சைக்கிள், அவருடைய அண்ணன் கடைசியாக ஓட்டியது. அதை ஓட்டிப்போகும்போது தலைசுற்றித் தோட்டத்துக் கால்வாயில் விழுந்து அண்ணன் இறந்தார் என்று தேவா சொல்லியிருந்தார். அந்தச் சைக்கிளில் தாய்லாந்து வரை போக எண்ணி, அகலமான பின்சக்கரம் பொருத்த, பத்தாங் பெர்ஜுந்தாயில் லாரன்ஸின் பட்டறைக்கு இன்று கொண்டுபோனேன். பிரேமைக் கட்டியவர் யார் என்று அறிய, அதில் பொறித்த எண்ணைத் தேடி, புதுப் பச்சைச் சாயத்தை இருவரும் சுரண்டினோம். எண் கிடைத்தது. கூடவே, பின்சக்கரத்தைத் தாங்கும் இடக்குழாய் உட்புறமாக நசுங்கியிருந்ததும், அந்தப் பள்ளத்தில் மஞ்சள் சாயம் அப்பியிருந்ததும் தெரிந்தன. தேவாவின் லோரி மஞ்சள் நிறம். அது இடித்திருக்கும் என்பது என் ஊகம்தான்.

"சார், புது சக்கரத்துக்கு எப்படியும் பிரேமை இழுத்து விரிக்கணும். அதோட இதையும் நிமித்திடறேன் லா," என்றார் லாரன்ஸ்.

"கை வைக்காதீங்க. காலையில வந்து எடுத்துக்கறேன்," என்றேன். ஒரு படம்கூட எடுக்காமல் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தேவா அழைத்தார்.

"என்னா சார், சாயம் நல்லாத்தான அடிச்சுக் குடுத்தேன். ஏன் சொரண்டுறீங்க?"

நான் யாரிடமும் சொல்லவில்லை. உடனே லாரன்ஸை அழைத்தேன். மூன்று முறையும் அவர் எடுக்கவில்லை. சைக்கிள் இப்போது அவரிடம் இருக்கிறது.

ஒப்பம்: சூசைநாதன்

சாட்சி: லாரன்ஸ் என்று எழுதினேன். எழுதியதை அடித்துவிட்டேன்.