பதில் தட்டு

எத்தனை சோப்புப் போட்டும் கையிலிருந்து சிப்பி நாற்றம் போகவில்லை. நம் பாய்ப்படகை விழிஞ்ஞத்தில் கரையேற்றிவிட்டேன். அடியில் ஒட்டியிருந்த சிப்பிகள் வெயிலில் செத்து நாறுகின்றன. ஊர் திரும்பிய மணம் என்பாய் நீ. எனக்குக் குமட்டுகிறது.

லட்சத்தீவு வரை போய், காற்றிலும் மழையிலும் அடிபட்டு, இருவரும் முழுசாகத்தான் திரும்பினோம். சாலை பஜாரில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு எதற்குப் பாய்மரம் என்று சிரித்தவர்கள்கூட வந்து கைகுலுக்கினார்கள். அந்த வாரமே உன் வீட்டுக் கட்டிலில், தூக்கத்தில், நெஞ்சு நின்று போய்விட்டாய். கடல் விட்டதைக் கட்டில் கொண்டுபோயிற்று. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

சிப்பிகளைச் சுரண்டி முடித்தால், பலகை எங்காவது ஊறியிருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டுமே. நான் வெளியே நின்று மரச்சுத்தியால் தட்டுவேன். நீ உள்ளே காதை வைத்துக் கேட்டு, ஓசை கணீரென்றிருந்தால் திருப்பித் தட்டுவாய். அதன் பிறகே அடுத்த இடம். "நான் தட்டலேன்னா அங்க தண்ணி கேறியாச்சுன்னு வச்சுக்கடே" என்பாய்.

நேற்று தனியாகத் தட்டினேன். நல்ல ஓசைதான், எனக்கே கேட்டது. ஆனால் பதில் வராமல் கை நகர மாட்டேன் என்றது. காலை முழுக்க ஒரே இடத்தில் நின்றேன். படகு பூராவும் தண்ணீர் ஏறிவிட்டது போலிருந்தது.

அப்போதுதான் உன் மனைவி சாந்தி வந்தாள். படகைப் பார்த்தால் உறக்கம் வருவதில்லை, விற்றுவிடலாம் என்றாள். உன் சட்டைகளை எடுக்க உள்ளே ஏறினாள். நான் மறுபடி தட்டினேன். உள்ளிருந்து பதில் வந்தது. ஒரு நொடி நீதான் என்றே நம்பினேன்.

ஏறிப் பார்த்தால், சாந்தி உன் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை இன்னும் படகின் சுவரிலேயே இருந்தது.

"திரும்பி வந்ததுல இருந்து உறக்கத்துல சுவரைத் தட்டுவாரு அண்ணா. நான் திருப்பித் தட்டினா அடங்கிருவாரு. அன்னைக்கு ராத்திரியும் தட்டினாரு. எனக்கு ஒரே அசதி. நான் தட்டல."

கையிலிருந்த மரச்சுத்தியைக் கீழே வைத்தேன். படகைத் தட்டிப் பதில் வராவிட்டால் என்ன அர்த்தம் என்று அவளே கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் வெயில்ல காய விடணும், அவ்வளவுதான்."

அவள் அதன் பிறகு விற்பதைப் பற்றிப் பேசவில்லை. நீங்கள் போய்த் தட்டுங்கள், நான் கேட்கிறேன் என்றாள். சாயங்காலம் வரை ஒவ்வொரு தட்டுக்கும் பதில் வந்தது. இன்றும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்றிரவு நீ பதிலுக்குக் காத்துக் கிடந்தாயா? அதை மட்டும் அவள் என்னிடம் கேட்டுவிடக் கூடாது என்று பயந்துகொண்டேதான் தட்டுகிறேன்.