தலையை எடுத்தால் நின்றுவிடும் கை

கரும்புக்கட்டைச் சும்மாடு இல்லாமலே சுமந்து நடந்த என் அண்ணனுக்கு,

நல்ல செய்தியோடு வந்திருக்கிறேன். உன் மகள் கோமதியின் இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். நெஞ்செலும்பை அறுக்கவே இல்லை. நம்புகிறாயா? வலப்பக்க விலாவில் இருக்கும் அந்தச் சின்னச் சின்னத் தழும்புகளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நானே நம்பினேன்.

உனக்கும் இதே ஓட்டைதானே. பெரியாஸ்பத்திரியில் சொன்ன அன்று, மூச்சு வாங்க வாங்க நீ கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "நெஞ்செலும்ப ரெண்டா அறுத்து கம்பி போட்டுக் கட்டுவாங்களாம். அப்பறம் நான் கட்டு தூக்கறது எப்டி? தங்கச்சி வூட்ல ஒக்காந்து சோறு துன்னவா?" எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். நீ பிடித்த முயலுக்கு மூன்றே கால். அடுத்த கரும்பு வெட்டுக்கு முன்னால் போய்விட்டாய். அண்ணி உனக்கு முன்பே போயிருந்ததால் கோமதி என் வீட்டுப் பெண்ணானாள்.

இந்த வருடம் அவளுக்கும் நாலு படி ஏறினால் மூச்சிரைத்தது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் பரிசோதித்துவிட்டு, ரோபோவை வைத்தே செய்துவிடலாம் என்றார்கள். கோமதி சிரித்தாள். எனக்கோ ஒரே பயம்.

ஏன் என்று உனக்குத் தெரியாது, நீ போன பிறகு சேர்ந்த வேலை இது. திருபுவனையில் என் கம்பெனியில் பெட்டி அடுக்கும் ரோபோ கை ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றிக் கம்பிக் கூண்டு. பெட்டி சிக்கிக்கொண்டு உள்ளே போவதென்றால், சுவிட்சை அணைத்து, அதில் நம்முடைய பூட்டைப் போட்டு, சாவியை நம்மிடமே வைத்துக்கொண்டு போகவேண்டும். நாம் வெளியே வரும்வரை மேனேஜரே ஆனாலும் அந்தப் பூட்டைத் தொடக்கூடாது. அந்தக் கைக்குப் பெட்டி எது, மனுஷி எது என்று தெரியாது. அப்படிப்பட்ட ஒன்றின் கீழே உன் மகளைப் படுக்கவைப்பதா?

அதனால் என்ன செய்தேன் தெரியுமா? என் பூட்டைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் போனேன். ஆபரேஷன் செய்யப்போகும் பெண் டாக்டரின் மேசைமேல் அதை வைத்தேன். "இத எங்க மாட்டணும் மேடம்? சாவி எங்கிட்டதான் இருக்கணும்."

"ஐயோ அத்தே, மானத்த வாங்காத!" கோமதி தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது தானா எதையும் செய்யாதும்மா. அதே ரூம்ல ஒரு பெட்டியில முகத்த வச்சு, உள்ள பாத்துக்கிட்டே இருப்பேன். என் விரல் அசைஞ்சாதான் அது அசையும். நான் தலைய வெளிய எடுத்துட்டா கை அப்படியே நின்னுடும். உங்க பூட்டு என் தலைதான்னு வச்சுக்கோங்க" என்றார்.

அண்ணே, அதன் பிறகு அவர் சொன்னதையெல்லாம் கேள். இதயத்தை நிறுத்திவிடுவார்களாம். வேறொரு மிஷின் ரத்தத்தை ஓட்டிக்கொண்டிருக்குமாம். இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையிலிருந்தே ஒரு துண்டு வெட்டி, ஓட்டைமேல் வைத்துத் தைப்பார்களாம். விலா எலும்புகளின் நடுவே நுழைகிற அத்தனை சின்னக் கருவிக்குள் மணிக்கட்டு போல ஒன்று திரும்புமாம்! இதை யோசித்த மனுஷனை எந்தத் தாய் பெற்றாள்?

கோமதியை உள்ளே கொண்டுபோன பிறகு, சாவியைப் பொத்திக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். கை அசையக் கூடாது என்று பூட்டோடு போனவள், 'தலைய எடுத்துடாத தாயி, கை நிக்கக் கூடாது' என்று வேண்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் வந்தபோது, பெட்டியில் அழுந்தி அழுந்தி அவர் நெற்றியில் சிவப்பாக ஒரு தடம். "தச்சு முடிச்சதும் தானா துடிச்சுதும்மா" என்றார். அந்தத் தடத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். அழுதேன். உன்னை நினைத்துத்தான் அதிகம் அழுதேன். அன்றைக்கே இப்படி ஒரு கை எங்கேயாவது இருந்ததா? இருந்திருந்தாலும் பாகூரில் இருந்த நமக்கு யார் வந்து சொல்லியிருப்பார்கள்?

இப்போது உன் மகள் ஏரிக்கரையில் விடுவிடுவென்று நடக்கிறாள். கனமும் தூக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனம் வரவில்லை. குடத்தைத் தொடாதே, வெயிலில் போகாதே என்று பின்னாலேயே திரிந்தேன். போன வாரம் அவள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "அத்தே, அந்தப் பூட்ட கம்பெனிக்கே எட்த்துனு போ. எம்மேல மாட்டாத."

பொங்கலுக்கு நம் கரும்புக் கொல்லையிலிருந்து வீட்டுக்குக் கரும்புக்கட்டை அவள்தான் தூக்கி வருவாளாம். "சும்மாடு வேணாம், எங்கப்பா வச்சாரா இன்னா?" என்கிறாள். யார் பெற்ற பிள்ளை!

உனக்கு வாக்குத் தருகிறேன் அண்ணே. அன்றைக்கு அவளைத் தடுக்கமாட்டேன். கூடவே ஓடிப்போய்த் தாங்கவும் மாட்டேன். உன் தலைக்குக் கட்டு ஏற்றிவிட்ட இதே கையால் அவள் தலைக்கும் ஏற்றிவிட்டு, ஒதுங்கி வழிவிடுவேன்.

உன் தங்கச்சி,
கோமதியின் அத்தை,
வசந்தா