சாயம் என்று நினைத்த ரத்தம்

என் கண்ணான தம்பி முத்தையா,

நீ எங்கே இருந்தாலும் அக்கா சொல்வதைக் கேள். உன் மகன் சிவலிங்கம் ஆபரேஷன் அறைக்குள் இருக்கிறான். நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேச ஆளில்லாவிட்டால் எனக்குப் பயம் வந்துவிடும், உனக்குத் தெரியாதா?

உனக்கு வந்ததேதான் அவனுக்கும். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் வெறும் வயிற்றில் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி குடித்தவன், நம் லயத்து வரிசை வீட்டு வாசலிலேயே கறுப்பாக வாந்தி எடுத்தான். "குடிச்ச சாயந்தான் அத்தை, ஒண்ணுமில்ல" என்றான். நீயும் அப்படித்தானே சொன்னாய்? லயமே நம்பியது. தேயிலையிலேயே கிடக்கிற நமக்குக் கறுப்பாக எது வந்தாலும் சாயம்தான். வயிற்றில் கசிந்த ரத்தமும் கறுத்துத்தான் வருமென்று, நீ போன பிறகல்லவா தோட்டத்து மருந்துக்கார ஐயா சொன்னார்!

இந்த முறை நான் விடவில்லை; பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தாவது காப்பாற்ற வேண்டும் என்றேன். ஆனால் அவன் ஆத்தா கோயில் திருவிழாவில் தீமிதிக்கக் காப்புக் கட்டியிருந்தான். உன் பெண்சாதி செல்லம்மா வழியை மறித்துக்கொண்டாள்.

"காப்புக் கட்டுன புள்ள தோட்டத்து எல்லையத் தாண்டலாமா மதினி? கோயிலே கதின்னு கெடக்குற நீங்களா இப்புடிச் சொல்றீங்க? அவரு மேல ஒரு கத்தி பட்டுச்சா? முழு ஒடம்பாத்தானே போனாரு!"

"முழு ஒடம்பாத்தான்டி போனான். போயிட்டானேடி!" என்றேன். அழுதுகொண்டே விலகினாள்.

தேயிலைக் கொழுந்து லொறியில் அவனை ஏற்றினோம். எல்லைக் கல்லைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ஆத்தா கோபிப்பாளா தம்பி? அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

இங்கே டாக்டர் யாழ்ப்பாணத்து ஆள். இரைப்பையின் உள்வளைவில் ஓடுகிற பெரிய ரத்தக்குழாயைப் புண் அரித்துவிட்டதாம். அதை நூலால் கட்டிவிட்டு, இரைப்பையில் புண் இருக்கிற பங்கை வெட்டி எடுப்பாராம்.

"கொழாயக் கட்டிட்டா மிச்ச வயிறு செத்துப் போகாதுங்களா?" என்று கேட்டேன்.

"இல்லையம்மா. இரைப்பைக்கு ஒரு வழியாலை மட்டும் ரத்தம் வாறேல்லை. உள்வளைவிலை ரெண்டு குழாய், வெளிவளைவிலை ரெண்டு, மேலை சின்னச் சின்னதாயும் இருக்கு. எல்லாம் ஒண்டோடை ஒண்டு தொடுத்திருக்கு. ஒண்டைக் கட்டினால் மற்றது குடுக்கும்."

"அப்ப ஆத்தா யோசிச்சுத்தான் படைச்சிருக்கா!"

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஆனால் கனக்க ரத்தம் போயிட்டுது. இப்ப ஒண்டும் சொல்லேலாதம்மா."

உள்ளே கொண்டுபோகுமுன் காப்பைக் கழற்றச் சொன்னார்கள். அவன் என் முகத்தைப் பார்த்தான். நானே அவிழ்த்து என் கையில் கட்டிக்கொண்டேன். எல்லை தாண்டிய குற்றத்தை ஆத்தா இனி என்னிடம் கேட்கட்டும்.

கதவு இன்னும் திறக்கவில்லை தம்பி. நீ உள்ளே அவன் பக்கத்தில் நிற்கிறாயா? நின்றால், கூப்பிடாதே, திருப்பி அனுப்பு.

உள்ளேயிருந்து என்ன சேதி வந்தாலும் சரி, அவனுக்குப் பதில் இந்த வருடம் தீயில் நான் இறங்குவேன். இந்தக் கடிதத்தையும் லயம் லயமாக வாசித்துக் காட்டுவேன். இனிமேல் கறுப்பாக வாந்தி எடுக்கிற யாரையும், 'சாயம்தான்' என்று சொல்லிப் படுக்க விடமாட்டேன்.

உனக்கு அக்காவும், உன் பிள்ளைக்கு அத்தையுமான
பார்வதி